மணமேடைப் பூவுக்கு எழுதும் ஒப்பந்தம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண மேடை அலங்காரத் தொழிலில் பலர் ஒப்பந்தம் எழுதவே கூச்சப்படுகிறார்கள். நல்ல காரியம் பேசும்போது சண்டை சச்சரவை எதற்கு இழுப்பது என்கிறார்கள். எழுதுகிறவர்களோ எங்கிருந்தோ எடுத்த வாசகங்களை அச்சடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் நம்பிக்கொண்டிருப்பதில் பாதி தப்பு.

"முத்திரைத்தாளில் எழுதாவிட்டால் செல்லாது."

செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இந்த மாதிரி வேலைக்கு முத்திரைத்தாள் கேட்கவில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. வாட்ஸ்அப்பில் தொகையைச் சொல்லி, "சரி, முடிச்சுடலாம்" என்று பதில் வந்தாலும் அப்படியே. முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஆவணத்தை, கட்டணமும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. ஆனால் அது சரிசெய்யக்கூடிய குறைதான், அதனால் ஒப்பந்தமே செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. வாய்ப்பேச்சில் சிக்கல் நிரூபிப்பதில்தான்.

"போட்டோ காட்டி ஓகே வாங்கியாச்சு, அது போதும்."

பெரும்பாலான தகராறுகள் பிறக்கும் இடம் இது. படத்தில் இருப்பது எந்த ஊர் மேடை, எந்த மாதத்துப் பூ, எத்தனை கிலோ என்று இருவருக்குமே தெரியாது. கல்யாண வீட்டார் மனதில் அது முழுக்க நிஜப் பூ. அலங்காரக்காரர் கணக்கில் பாதி துணிப்பூ. ஆகவே பூவின் பெயர், நிஜப் பூ எங்கே, துணிப்பூ எங்கே, மேடையின் அகலம், உயரம் எல்லாம் தாளில் வர வேண்டும். மாலைகளைத் தனியாக எழுதுவது நல்லது: முகூர்த்தத்துக்கு எத்தனை ஜோடி, வரவேற்புக்கு வேறா, தாய்மாமன் மாலை யார் பொறுப்பு. (தாய்மாமன் கையில் மாலை இல்லாமல் நின்றால், அந்தக் கோபத்தைத் தணிக்க எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது.) முன்பணம் கொடுப்பது பெண்ணின் அப்பாவாக இருக்கும், மண்டபத்தில் வந்து நின்று "வாசல்லயும் ஒரு ஆர்ச் வச்சிருங்க" என்பது மாப்பிள்ளையின் அக்காவாக இருக்கும். யார் சொன்னால் கூடுதல் வேலை என்று ஒரே ஒருவர் பெயரைக் குறிப்பிடுங்கள்.

"'அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் பயமில்லை."

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டால், தாளில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். முன்கூட்டிக் கட்டிய பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் இது பொருந்தும் என்று ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இலேயே தீர்ப்பளித்தது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் நிபந்தனையை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாநில ஆணையம் செல்லாது என்று அறிவிக்கவும் முடியும்.

அதற்காக முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. காலத்தைப் பிரித்து எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே ரத்தானால் அந்தத் தேதியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், இழப்பு கொஞ்சம்தான். ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் ஓசூர் ரோஜாவுக்குப் பணம் போயிருக்கும், பூ கட்டுகிறவர்கள் வேறு வேலையை விட்டிருப்பார்கள். தை, ஆவணி முகூர்த்த நாளானால் கடைசி நேரத்தில் விழுந்த காலி நிரம்பவே நிரம்பாது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செலவாகியிருக்கும் என்று காட்டி விழுக்காடு போட்டால், அந்த வாசகத்துக்குப் பலம் வரும்.

"மல்லி விலை ஏறினால் அவர்கள்தானே கூடுதலாகத் தர வேண்டும்?"

எழுதாவிட்டால் தர வேண்டியதில்லை. பனிக்காலத்தில் மல்லி வரத்து சுருங்கி, தை முகூர்த்தங்களில் மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் கிலோ விலை ஆயிரங்களுக்குத் தாவுவது ஊருக்கே தெரியும். அதனாலேயே அது எதிர்பாராத நிகழ்வு என்று வாதாடவும் முடியாது. வேலை கையைக் கடிக்கிறது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்லும் இயலாமை ஆகாது என்பதை அலோபி பர்ஷாத் வழக்கு (1960) தெளிவாக்கிவிட்டது. மொத்தத் தொகைக்குள் மல்லியைப் புதைக்காமல் தனி வரியாக எழுதுங்கள்: இத்தனை கிலோ, கிலோ இன்ன விலைவரை எங்கள் பொறுப்பு, அதற்கு மேல் சந்தை ரசீதுப்படி வித்தியாசம். மாற்றுப் பூவையும் அப்போதே பேசிவிடலாம். மேடைத் தொங்கலில் மல்லிக்குப் பதில் சம்பங்கி போடலாம். மணப்பெண் தலைப்பூவில் கூடாது.

"கடவுள் செயலால் நின்றுபோனால் அட்வான்ஸ் நமக்கு."

நேர்மாறு. ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால், பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்கிறது 65ஆம் பிரிவு. 2020 ஊரடங்கில் 50 பேருடன் நடந்த கல்யாணங்களைப் போல, அளவு சுருங்கினால் என்ன கணக்கு என்பதையும் எழுதலாம். பங்காளி வீட்டுத் துக்கத்தால் தீட்டு வந்து தள்ளிப்போவது இயலாமைக் கணக்கில் வராது. ஆனால் அடிக்கடி நடப்பது அதுதான். எத்தனை நாள் அவகாசம், புதுத் தேதி நம்மிடம் காலியாக இல்லாவிட்டால் என்ன, பழைய விலையா புது விலையா என்று மூன்று வரி போதும்.

"மீதியைத் தாலி கட்டினதும் வாங்கிக்கலாம்."

தாலி கட்டியதும் பந்தி, மொய், மண்டபத்தைக் காலி செய்யும் அவசரம். பணப்பையை வைத்திருக்கும் சித்தப்பாவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சந்தைக்குக் கிளம்பும் முன் ஒரு பகுதி, வரவேற்பன்று மாலை மேடையை ஒப்படைத்ததும் மீதி முழுவதும் என்று எழுதுங்கள். இரு வீட்டாரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னாலும், முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போடுகிறவரே பொறுப்பு என்பதும் அதே பத்தியில் இருக்கட்டும்.