அறத்தால் வழிகாட்டுதல்

ஒரு தேசம் பிற தேசங்களுக்கு வழிகாட்டுவது இருவகையாற் கூடும். படையும் உடன்படிக்கையுங் கொண்டு பிறர் வழக்கிற் புகுதல் ஒன்று. தான் அறத்தின்வழி நின்று காட்டுதல் மற்றொன்று. முன்னையது வலியார்க்கே இயல்வது. பின்னையது சிறியார்க்கும் இயல்வது. இதனை நம் இலங்கையின் வரலாறு கொண்டே ஆராய்வாம்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலுந் திருக்கோணமலையிலுங் குண்டு பொழிந்தன. போர் முடிந்தபின், 1951ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய சமாதான மகாநாட்டிலே, அந்நாளில் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, நஷ்டஈடு கோர உரிமையிருந்தும் இலங்கை அதனைக் கோராதென அறிவித்தார். பகையைத் தணிப்பது அன்பே என்னும் புத்தர் போதனையைக் காரணமாகக் காட்டினார். சுதந்திரம் பெற்று நான்காண்டும் நிரம்பாத சிறு தீவின் சொல்லுக்கு வலிமை தந்தது யாது? கோரத்தக்கதொன்றை விட்டமையே. இழப்பின்றிக் கூறும் அறவுரை முன்மாதிரியாகாது என்க.

அற்றேல், பிறரோடு கலவாதிருத்தலே அறமாமோ எனின், அன்று. 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற உடன்பட்டது. அமெரிக்காவின் அதிருப்தியை அது பொருட்படுத்தவில்லை. வாணிகம் வேறு, பிறர் பகையைத் தன் பகையாக்கிக் கொள்ளுதல் வேறு. 1957இல் திருக்கோணமலைக் கடற்படைத் தளமுங் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து மீண்டன. 1962இல் இந்தியாவுஞ் சீனாவும் பொருதபோது, சமரசந் தேடி ஆறு நாடுகளைக் கொழும்பிற் கூட்டுதல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவுக்கு இயன்றது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனஞ் செய்ததும் இலங்கையின் முயற்சியாலேயாம்.

இனி மறுபுறத்தையும் நோக்குக. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டஞ் சிங்களத்தை மாத்திரம் அரசமொழியாக்கிற்று. 1983இல் தமிழர் வீடுகள் எரிந்தன. அகத்தே அறங் குன்றப் புறத்தே கட்டு இறுகிற்று: 1987இல் அந்நியப்படை வந்திறங்கியது, 2009 வரை போர் நீடித்தது, ஒருகால் உலகுக்கு அறமுரைத்த தேசம் 2012 முதல் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் விடையிறுக்கும் நிலையை எய்திற்று.

இஃது அரசுக்கு மாத்திரமுரிய பாடமன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் இக்கிழக்குக் கரையிலே, காத்தான்குடியில் தொழுகையிலிருந்த முஸ்லிம்களும், வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்த தமிழருங் கொல்லப்பட்டனர். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒரே தெருவழியே அடுத்தடுத்து வாழும் நாம் பேசுவது ஒரே தமிழ். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் எவரையும் மதம் வினாவிக் கொண்டு செல்லவில்லை. ஆயினுங் கல்முனைப் பிரதேச செயலகப் பிரிவு பற்றிய வழக்கு 2019இல் உண்ணாநோன்பு வரை முற்றியது. கொழும்பில் முறையிட்டும், தூதுவர்களிடம் மனுக் கொடுத்தும், அயல்வீட்டாரோடு பேசாதிருத்தல் என்ன முறை?

சைவ நன்மக்களே, நாம் முதற்கண் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முஸ்லிம் சகோதரர் கோரிக்கையில் நியாயமான கூறு யாதோ, அதனை நம் சபைகளில் நம் வாயாலேயே எடுத்துரைப்போமாக. அதனால் நம்மவர் சிலரின் வெறுப்பு நேரலாம். அவ்விழப்பே நம் சொல்லுக்கு வலிமையாகும்.