திருப்பூணித்துறையிற் கேட்ட சொற்கள்

ஒரு மொழியின் இயல்பை அறிய விரும்புவோன் முதலில் தன் மொழியைப் பயில வேண்டும். அடுத்து, அண்டை வீட்டார் மொழிக்குச் செவி கொடுக்க வேண்டும். தமிழ் பயிலும் நாம் முன்னதைச் செய்கின்றோம். பின்னதை அவ்வளவாகச் செய்வதில்லை. மலையாளம் காதில் விழுந்ததும் நம்மிற் பலருக்கு நகைப்பே முந்துகின்றது. அந்நகைப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் திருப்பூணித்துறைத் தெருக்களில் நான் கேட்ட சில சொற்களைக் கொண்டு ஆராய்வோம்.

திருப்பூணித்துறை கொச்சி நகரை அடுத்துள்ள ஊர். கொச்சி அரசர் குடும்பத்தார் வாழ்ந்த இடம். 1865ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ஹில் பாலஸ் என்னும் அரண்மனை இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பூர்ணத்திரயீசர் கோவிலும் கதகளியும் இவ்வூருக்குப் புகழ் தந்தவை. ஊர்ப்பெயரின் தலையில் ‘திரு’வும் கடையில் ‘துறை’யும் நிற்பதைக் காணும் தமிழனுக்கு இது வேற்றூர் என்னும் எண்ணமே எழுவதில்லை. ஆயினும் கடைத்தெருவிற் கால் வைத்ததும் காது சற்றுத் தடுமாறத்தான் செய்கின்றது.

உணவுக்கடையில் அமர்ந்தோம். “வெள்ளம் வேணோ?” என்றார் பரிமாறுபவர். உடன் வந்த மதுரை நண்பர், “வையையில் வராத வெள்ளம் இங்கே குவளையில் வருகிறதே!” என்று சிரித்தார். தமிழில் வெள்ளம் என்றால் பெருகி வரும் நீர். மலையாளத்திலோ குடிக்கும் நீரும் வெள்ளமே. ஆனால் திருக்குறளில் ஊக்கமுடைமை அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். நீர் எவ்வளவோ அவ்வளவே நீர்ப்பூவின் தண்டின் நீளம் என்று கூறும் குறளில், அந்நீரைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் ‘வெள்ளம்’ என்பதே. அங்கே அது கரை உடைக்கும் பெருக்கு அன்று. குளத்தில் நிற்கும் நீர். பரிமாறியவர் சொல்லைக் கண்டு நகைத்த நண்பர், தம்மை அறியாமலே வள்ளுவர் சொல்லைக் கண்டு நகைத்தார்!

‘பறயுக’ என்றால் மலையாளத்திற் சொல்லுதல். நமக்குப் பறை என்றதும் முழங்கும் கருவியே நினைவிற்கு வருகின்றது. எனினும் பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருள் நம் அகராதியிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘பறையாதே’ என்று இன்றும் வாயை அடக்குவர்.

காய்ச்சலை அவர்கள் ‘பனி’ என்பர். வெயில் கொளுத்தும் நண்பகலில் ஒருவர் ‘எனிக்குப் பனியாணு’ என்றால் நாம் வியப்போம். ஆனால் பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்று பழந்தமிழிற் பொருள் உண்டு. நடுக்கத்துடன் வரும் நோய்க்குப் பனி என்று பெயர் வந்ததில் வியப்பென்ன? இரவில் அவர்கள் கொள்வது உறக்கம். ‘தூக்கம்’ என்பதோ தராசில் நிறுத்துக் காணும் எடை. நாமும் தராசைத் தூக்கு என்றவர்கள்தாமே!

இவை பழைய பொருளை அவர்கள் காத்து நாம் நெகிழவிட்டவை. வேறொரு வகையும் உண்டு. ‘அவசரம்’ என்றால் நாம் விரைவு என்கின்றோம். அவர்கள் வாய்ப்பு என்பர். வடமொழியில் அதற்குரிய பொருளும் அதுவே. ‘சம்சாரம்’ நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. ஒருவருடைய சம்சாரம் இனிமையானது என்று மலையாள நண்பர் புகழ்ந்தால், கேட்கும் தமிழர் முகம் சுளிக்க வேண்டியதில்லை! இச்சொல்லில் இரு மொழியும் மூலப்பொருளை விட்டு விலகின. ஒன்று வீட்டுக்குள் நுழைந்தது, மற்றது நாவில் ஏறிற்று. ஆகவே பிறழ்ந்தவர் அவர், பிறழாதவர் நாம் என்று தீர்ப்புரைக்க வழியில்லை. நகைப்பும் ஒரு பக்கத்தது மட்டுமன்று. மலையாளத்திற் ‘பட்டி’ என்றால் நாய். கோவில்பட்டியும் உசிலம்பட்டியும் அவர்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மலையாளம் வடமொழி மிகுந்தது என்று நாம் குறை கூறுவதுண்டு. ஆனால் சிங்க மாதத்தில் இவ்வூரிற் புகழ்பெற்ற ஊர்வலம் ஒன்று நடைபெறும் நாளின் பெயரைக் கேளுங்கள்: ‘அத்தம்.’ நம் பஞ்சாங்கமோ அஸ்தம் என்கின்றது. நாம் சுவாதி என்பதை அவர்கள் ‘சோதி’ என்பர். வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய மாற்றுக என்ற இலக்கண நெறி இங்கே யாரிடம் வாழ்கின்றது? அத்தத்தில் தொடங்கித் திருவோணத்தில் நிறைவுறும் ஓண விழாவும், மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையிற் கொண்டாடப்பெற்றதே.

ஒலிக்கு வருவோம். மழ, புழ, கோழி என்று அவர்கள் நாவில் ழகரம் தெளிவாக உருள்கின்றது. சிறப்பு ழகரம் எமதே என்று மேடையில் முழங்கும் நாம், இறங்கி வந்ததும் ‘வாளப்பளம்’ வாங்குகின்றோம்.

இவ்வளவும் கொண்டு, மலையாளம் பழந்தமிழே என்று உரிமை கொண்டாடிவிடலாமா? கூடாது. கேரளபாணினீயம் இயற்றிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா, மலையாளம் தனித்து வளர்ந்த நெறிகளை ஆறாக வகுத்துக் காட்டினார். மாங்காய் ‘மாங்ங’ ஆனதும், வந்து என்பது ‘வன்னு’ ஆனதும் அவற்றுள் ஒன்று. வினைமுற்றில் திணை, பால், இடம் காட்டும் விகுதி நீங்கியது மற்றொன்று. நாம் வந்தேன், வந்தான், வந்தாள் என்போம். அவர்கள் ஞான் வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு என்பர். இது சிதைவு அன்று, வேறொரு வழி. தமிழிலிருந்து பிரிந்தது மலையாளம் என்பார் ஒரு சாரார். இரண்டும் ஒரு மூலத்தின் இரு கிளைகள் என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், பதிற்றுப்பத்துப் பாடிய சேர நாட்டில் விளைந்தது இருவருக்கும் பொதுச் செல்வம்.

மாணவ நண்பர்களே, அண்டை வீட்டுச் சொல்லொன்று நகைப்பூட்டினால் நகையுங்கள், தவறில்லை. ஆனால் நகைத்த கையோடு அகராதியையும் திறந்து பாருங்கள். சங்க நூல்களில் நம்மைத் தடுத்து நிறுத்தும் சொற்களுட் சில, கேரளத்துக் கடைவீதியில் நாள்தோறும் விலை பேசிக்கொண்டிருக்கின்றன. விடுதியில் உடனுறையும் மலையாள நண்பரிடம் நாளொன்றுக்கு ஒரு சொல் கேட்டுக் குறித்து வைத்தால், ஆண்டு முடிவில் நம் கையில் இருப்பது ஒரு சிற்றகராதி. நம் இலக்கியத்திற்கே அது நல்லதோர் உரைத்துணையாகும்.