வரைகலை வடிவமைப்பாளர்: பயிற்சி, வேதனம், தொழில்வாய்ப்பு

க.பொ.த. (சாதாரண தரம்) – தொழில் வழிகாட்டல்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• வரைகலை வடிவமைப்பாளரின் பணியை விளக்குவீர்கள்.
• பயிற்சி பெறும் வழிகளை ஒப்பிடுவீர்கள்.
• மாதச் சம்பளத்தையும் தனிப்பட்ட வேலைக்கான வருமானத்தையும் கணிப்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, இன்று காலை பாடசாலைக்கு வரும் வழியில் நீங்கள் கண்ட கடைப் பெயர்ப்பலகை, பிஸ்கற் பொதியின் உறை, டெங்கு விழிப்புணர்வுச் சுவரொட்டி ஆகிய ஒவ்வொன்றையும் ஒருவர் திட்டமிட்டு அமைத்துள்ளார். அவரே வரைகலை வடிவமைப்பாளர். எழுத்து, படம், நிறம், இடைவெளி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு செய்தியை விரைவாகப் புரிய வைப்பதே அவரது பணியாகும்.

"சித்திரம் நன்றாக வரைந்தால் போதும்" என்றும், "மென்பொருள் தெரிந்தால் போதும்" என்றும் சிலர் கருதுவர். இரண்டும் உதவும், ஆனால் இரண்டும் போதா. உங்கள் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பதாகையை எண்ணிப் பாருங்கள். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்குச் சில வினாடிகளே கிடைக்கும். என்ன நிகழ்ச்சி, எப்போது, எங்கே என்னும் மூன்றும் முதலில் கண்ணிற் படவேண்டும். பத்து நிறங்களும் ஐந்து வகை எழுத்துருக்களும் கலந்தால் பதாகை அழகாகத் தோன்றலாம், செய்தி சேராது.

2. அறிந்திருக்க வேண்டியவை

(அ) நிறம்: கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறங்களை உருவாக்குகின்றது. அச்சு இயந்திரம் பொதுவாக சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைப் பயன்படுத்துகின்றது. எனவே திரையிற் கண்ட நிறம் தாளில் அப்படியே வராது.

(ஆ) படத்தின் தரம்: கையில் வைத்து வாசிக்கும் அச்சு வேலைக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது வழமையான அளவாகும். கைப்பேசியிற் பகிரப்பட்ட சிறிய படத்தைப் பெரிதாக்கினால் மங்கும்.

(இ) வெட்டு விளிம்பு: தாளின் ஓரம்வரை நிறம் வரவேண்டுமாயின், வெட்டும் கோட்டுக்கு வெளியே ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதலாக நிறம் விடப்படும்.

(ஈ) தமிழ் எழுத்துரு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் இச்சிக்கல் இல்லை. ஆயினும் மென்பொருள் தமிழுக்கேற்ப அமைக்கப்படாவிடின் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும்.

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே மும்மொழிப் பலகைகளும் படிவங்களும் தொடர்ந்து தேவைப்படுகின்றன. தமிழைப் பிழையறத் தட்டச்சுச் செய்து, ஒப்புநோக்கி, மூன்று மொழிகளையும் சமமாக அமைக்க வல்லவருக்கு இது ஒரு பலமாகும். தமிழ்ப் பாடத்தில் நீங்கள் கற்கும் சந்தியும் எழுத்திலக்கணமும் இங்கே தொழிற் திறனாகின்றன.

3. பயிற்சி பெறும் வழிகள்

சாதாரண தரத்தின் பின்: தொழிற் பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழினுட்பக் கல்லூரிகள் ஆகியன தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகளை நடத்துகின்றன. இத்தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 1 – 4 சான்றிதழ், 5 – 6 டிப்ளோமா, 7 பட்டத்திற்குச் சமனானது. எல்லா நிலையங்களிலும் ஒரே பாடநெறி இருக்காது. உங்கள் மாவட்ட நிலையத்தில் விசாரித்து அறியுங்கள். அச்சகமொன்றில் வேலை செய்து பழகியவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் சான்றிதழ் பெறலாம்.

உயர்தரத்தின் பின்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டநெறி உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலைகளைக் கற்கலாம்.

தனியார் நிறுவனத்திற்குப் பெருந்தொகை செலுத்துமுன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, அப்பாடநெறிக்குத் தேசிய தொழிற் தகைமை கிடைக்குமா என வினவுங்கள். பெற்றோர் கடன்பட்டுச் செலுத்தும் பணத்திற்கு வெறும் வருகைச் சான்றிதழ் மட்டும் கிடைப்பது பெரும் இழப்பாகும்.

4. வேதனம்

சம்பளம் அனுபவம், இடம், நிறுவனம் ஆகியவற்றுக்கேற்ப வேறுபடும். எனவே தொகையைக் கேட்பதோடு நில்லாது கணக்கிடப் பழகுங்கள். (கீழுள்ள தொகைகள் விளக்கத்திற்கானவை.)

உதாரணம் 1 – மாதச் சம்பளம் ரூபா 50,000
ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8% = ரூபா 4,000
கைக்கு வருவது = ரூபா 46,000
சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 12% = ரூபா 6,000
ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 3% = ரூபா 1,500
ஆகவே ஊழியரின் பெயரில் மாதந்தோறும் ரூபா 11,500 சேர்கின்றது.

உதாரணம் 2 – இலச்சினை ஒன்றுக்கு ரூபா 6,000
செலவு ரூபா 600. உழைத்த நேரம் 12 மணித்தியாலம்.
மணித்தியால வருமானம் = 5,400 ÷ 12 = ரூபா 450
வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் திருத்தம் கேட்டு மேலும் 6 மணித்தியாலம் சென்றால்
5,400 ÷ 18 = ரூபா 300

தொகை மாறவில்லை, உழைப்பின் பெறுமதி மூன்றிலொன்றாற் குறைந்துவிட்டது. அத்துடன் சேமலாப நிதியும் இல்லை. ஆதலால் தனித்து வேலை செய்பவர் திருத்தங்களின் எண்ணிக்கை, முற்பணம், கையளிக்கும் திகதி ஆகியவற்றை எழுத்தில் உடன்பட்டபின்னரே தொடங்கவேண்டும்.

5. தொழில்வாய்ப்பு

அச்சகங்கள், விளம்பர நிறுவனங்கள், பத்திரிகைகள், ஆடை உற்பத்தி, இணைய நிறுவனங்கள் ஆகியவற்றில் இத்தொழிலாளர் பணியாற்றுகின்றனர். ஆனால் நிலைமை மாறிவருகின்றது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது தாளின் தட்டுப்பாட்டால் அச்சுத்துறை பெரிதும் பாதிக்கப்பட்டது. ஆயத்த மாதிரிகளும் செயற்கை நுண்ணறிவும் எளிய வாழ்த்து அட்டைகளையும் சுவரொட்டிகளையும் நிமிடங்களில் ஆக்குகின்றன. எனவே பிறர் செய்ததைப் பார்த்துச் செய்பவரின் வாய்ப்புக் குறையும். வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து, சரியானதைத் தெரிந்து, பிழையின்றி அச்சுக்கோ திரைக்கோ கையளிப்பவரின் தேவை தொடரும்.

நினைவிற் கொள்க: நேர்முகப் பரீட்சையிற் சான்றிதழுடன் நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பும் கேட்கப்படும். அதை இன்றே தொடங்கலாம்.

பயிற்சி

1. தேசிய தொழிற் தகைமையில் டிப்ளோமாவைக் குறிக்கும் மட்டங்கள்
(1) 1, 2 (2) 3, 4 (3) 5, 6 (4) 6, 7
2. திரையிற் கண்ட நிறம் அச்சில் மாறுவதற்கான காரணத்தை எழுதுக.
3. மாதச் சம்பளம் ரூபா 40,000 எனின், ஊழியரின் பெயரில் இரு நிதிகளிலும் சேரும் மொத்தத் தொகையைக் காண்க.
4. செயற்பாடு: உங்கள் ஊரிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றின் குறைகளைக் குறித்து, அதனை வெள்ளைத்தாளில் மீள வடிவமைக்குக. செய்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தருக.

விடைகள்: 1 – (3), 3 – ரூபா 9,200