சூசாபோன்: பாரமும் ஒலியும்

மேலைத்தேய சங்கீதம் – பித்தளை வாத்தியங்கள்

பித்தளை வாத்தியங்கள் பற்றிய வினா வரும்போது, "சூசாபோன் பெரியது, பாரமானது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது ஏன் பாரமானது? அப்பாரம் வாசிப்பவரின் உடலை எவ்வாறு பாதிக்கின்றது? இவ்விரண்டையும் விளக்கினால்தான் விடை முழுமை பெறும். உங்கள் பாடசாலை பாண்ட் குழுவில் பெரிய வாத்தியம் ஒன்றைச் சுமப்பவர்களுக்கும் இப்பாடம் பயன்படும்.

1. தோற்றம்

யோன் பிலிப் சூசா (1854 – 1932) ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற பாண்ட் இசை இயக்குநர். 1880 முதல் 1892 வரை அந்நாட்டுக் கடற்படைவீரர் பாண்ட் குழுவை நடத்தினார். அங்கு ஹெலிகன் என்னும் வட்டவடிவ வாத்தியம் பயன்பட்டது. அதன் ஒலி ஒரே திசையில் நேரே சென்றது அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. எனவே அவரது வேண்டுகோளின்படி 1893 இல் பிலடெல்பியாவின் ஜே. டபிள்யூ. பெப்பர் என்பவர் புதிய வாத்தியத்தைச் செய்தார். 1898 இல் கொன் கம்பனியும் இதனைத் தயாரித்தது. ஆரம்பத்தில் இதன் மணிவாய் வானத்தை நோக்கியிருந்தது. முன்னோக்கிய மணிவாய் 1908 இல் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூசாவின் சொந்தக் குழு பெரும்பாலும் மேடையில் அமர்ந்தே வாசித்தது. வீதியில் அணிவகுத்தது மிக அரிது. அதாவது, மேடை ஒலியை மனதிற்கொண்டு உருவான வாத்தியமே பிற்காலத்தில் அணிநடைக்குரியதாயிற்று. பாரம் பெரும் பிரச்சினையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஏன் இவ்வளவு பெரிது?

குழாய் நீளமாகும்போது சுருதி தாழும். ட்றம்பெற்றின் குழாய் ஏறத்தாழ 1.5 மீற்றர், சூசாபோனின் குழாய் ஏறத்தாழ 5.5 மீற்றர். நீளம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆவதால் சுருதி இரண்டு ஸ்தாயி தாழ்கின்றது. குழாயின் அகலமும் மணிவாயின் அகலமும் கூடும்போது ஒலி நிறைவாக ஒலிக்கும். இதனாற்றான் பழைய தயாரிப்பாளர்கள் பித்தளையைத் தாராளமாகப் பயன்படுத்தினர். 1930 களில் வந்த கொன் 20கே இவ்வகைப் பெரிய வாத்தியங்களுள் பெயர்பெற்றது. சூசாபோன்களின் நிறை வகைக்கேற்ப ஏறத்தாழ 8 கிலோகிராமிலிருந்து 23 கிலோகிராம் வரை வேறுபடும். பழைய பெரிய பித்தளை வாத்தியங்கள் இதில் மேல் எல்லையை நெருங்குவன.

3. உடல் எதிர்நோக்கும் சவால்கள்

(அ) தோள்: வட்டக்குழாய் உடலைச் சுற்றி வந்து இடது தோளில் தங்குகின்றது. விஞ்ஞான பாடத்தில் கற்ற அமுக்கத்தை இங்கே பிரயோகியுங்கள். 20 கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 200 நியூற்றன். அது 50 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தங்குவதாகக் கொண்டால் அமுக்கம் 40 000 பஸ்கால். தோள் மெத்தை வைத்துப் பரப்பை 100 சதுர சென்ரிமீற்றராக்கினால் அமுக்கம் 20 000 பஸ்கால். நிறை மாறவில்லை, வலிதான் குறைகின்றது.

(ஆ) முதுகு: பாரம் ஒரு தோளில் தங்குவதால் உடல் ஒரு பக்கம் சாய முற்படும். அதை நிமிர்த்தி வைக்க மறுபக்கத் தசைகள் இடைவிடாது இழுக்கவேண்டும். பாரத்தைவிட இந்த ஓய்வற்ற இழுவையே விரைவில் களைப்பைத் தரும்.

(இ) மூச்சு: ட்றம்பெற்றுக்கு உயர்ந்த காற்றமுக்கம் தேவை, சூசாபோனுக்கோ அதிக அளவு காற்று தேவை. தாழ்ந்த சுரத்தை உரத்து ஊதினால் மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். நடக்கும்போது உடலுக்கும் காற்று கூடுதலாக வேண்டும். ஆகவே ஒரே பகுதியை வாசிப்போர் வெவ்வேறு இடங்களில் மூச்செடுத்து ஒலி அறாமற் காப்பர்.

(ஈ) வெளிக்காற்று: 66 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மணிவாயின் முகப்பரப்பு ஏறத்தாழ 0.34 சதுர மீற்றர். எதிர்க்காற்று வீசினால் அது பாய்மரம்போலத் தள்ளப்படும். தலைக்கு மேலே இருப்பதால் அதன் திருப்பமும் அதிகம்.

4. பரிகாரங்கள்

1960 களில் கண்ணாடி நாரினாலான இலேசான சூசாபோன்கள் பரவின. அணிநடைக்கு அவை இலகுவானவை. எனினும் பித்தளையின் ஒலியை விரும்புவோர் பழையவற்றை இன்றும் வைத்திருக்கின்றனர். நியூ ஓர்லியன்ஸ் நகர வீதி ஊர்வலங்களில் சூசாபோனைச் சுமந்தபடியே நடந்து வாசிக்கின்றனர்.

பாரமான வாத்தியம் வாசிப்போர் பின்பற்றவேண்டியவை:
• தனியே தூக்காது இன்னொருவர் உதவியுடன் அணிதல். முதுகை வளைக்காது முழங்காலை மடித்து எழுதல்.
• தோள் மெத்தை பயன்படுத்தல்.
• புதிய பாடலை முதலில் இருந்தவாறே பழகி, பின்னர் நடந்து பழகல்.
• இடையிடையே இறக்கி வைத்து ஓய்வெடுத்தல்.
• தோளில் விறைப்போ நோவோ தொடர்ந்தால் ஆசிரியரிடம் உடனே கூறல். நோவைப் பொறுத்துக்கொள்வது திறமை அன்று.

மாதிரி வினா

பழைய பெரிய சூசாபோனை அணிநடையில் வாசிப்பது கடினமாதற்குரிய இரு காரணங்களை விளக்குக. (4 புள்ளிகள்)

விடை: (1) பாரம் ஒரு தோளில் மட்டும் தங்குவதால் தோளில் அமுக்கமும், உடலை நிமிர்த்தும் முதுகுத் தசைகளிற் களைப்பும் ஏற்படும். (2) தாழ்ந்த சுரங்களுக்கு அதிக காற்று தேவைப்படுவதாலும், நடக்கும் உடலுக்கும் காற்று வேண்டியிருப்பதாலும் மூச்சு விரைவில் தீரும்.

குறிப்பு: காரணத்தை மட்டும் எழுதாது "ஆகவே என்ன நிகழும்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "விளக்குக" என்று கேட்டால் இரண்டும் இருத்தல் வேண்டும்.