கொசுறுக் குருவியும் கழுகுக் கதையும்

வாலிபர் கூட்டத்திலோ வீட்டு ஜெபத்திலோ ஓய்வுநாள் பள்ளியிலோ முதன்முதலாகச் செய்தி கொடுக்க எழுந்து நிற்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். வேத விளக்கத்துக்குக் குருமார் இருக்கிறார்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது, அன்றாடம் நடக்கிற ஒன்றைச் சொல்லி அதிலிருந்து விசுவாசத்துக்கு ஒரு பாடம். கேட்க எளிதாக இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அதிகமாகக் கெட்டுப்போகிற செய்தியும் இதுதான். பொருளைப் பார்த்து முடிக்குமுன்பே பாடம் சொல்லக் கிளம்பிவிடுகிறோம். அந்த அவசரத்துக்கு மருந்தாகச் சில வார்த்தைகள்.

1. முதலில் பாருங்கள்.

எரேமியாவிடமும் ஆமோஸிடமும் கர்த்தர் கேட்ட கேள்வி, நீ என்ன காண்கிறாய் என்பது. இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. எரேமியா வாதுமை மரக் கிளை என்றான். ஆமோஸ் ஒரு கூடைப் பழம் என்றான். அவ்வளவுதான் பதில். அர்த்தம் பிறகு வந்தது, அதையும் கர்த்தரே சொன்னார். இன்னொரு நாள் எரேமியாவைக் குயவன் வீட்டுக்கு எழுந்து போகச் சொன்னார். போய், சக்கரத்தில் மண்பாண்டம் கெட்டுப்போவதையும் குயவன் அதே களிமண்ணை வேறு பாண்டமாக வனைவதையும் நின்று பார்த்த பிறகுதான் வார்த்தை வந்தது. குயவனைப் பற்றி வீட்டிலிருந்தபடியே பேச எரேமியாவுக்குத் தெரியாதா?

நம் ஊர்ப் பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இதைக் கேட்டதும் சுண்ணாம்பு கிருபை, கள் பாவம் என்று சொல்ல வாய் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பனையேறியிடம் போய் உட்காருங்கள். ஒரு தடவை தடவிய சுண்ணாம்பு காலத்துக்கும் நிற்காது, இறக்கிய கலயத்தைத் திரும்பக் கட்டும்போது மறுபடியும் தடவவேண்டும் என்பார். கூடிப்போனால் குடிக்க முடியாது, குறைந்துபோனால் புளித்துவிடும், அளவு கைக்குத்தான் தெரியும் என்பார். பாளையை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவாவிட்டால் நீர் ஊறுவது நின்றுவிடும் என்பார். இத்தனையும் கேட்டபிறகு, நீங்கள் முதலில் நினைத்த பாடம் எவ்வளவு மெலிந்தது என்று உங்களுக்கே தெரியும். தினந்தோறும் செய்யவேண்டிய காரியம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அதை நீங்கள் ஒரே வரியில் முடிக்கப் பார்த்தீர்கள்.

2. கடைத்தெரு விலை தெரிந்து பேசுங்கள்.

மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் விலை, ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காசுக்கு நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் மேலே போட்டுக் கொடுப்பார்களே, அதுபோல வியாபாரி சேர்த்துக் கொடுத்த குருவி. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியும் தேவனுக்கு முன்பாக மறக்கப்படவில்லை என்கிறார்.

குருவி, ஏழைகள் வாங்கித் தின்ற இறைச்சி. ஒன்றாக வாங்கினால் என்ன விலை, மொத்தமாக வாங்கினால் என்ன சலுகை என்று தெரிந்தவர்தான் இப்படிப் பேசமுடியும். பழைய வஸ்திரத்தில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் அதிகமாகும் என்பதும், சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகள் ஒருவரையொருவர் என்ன சொல்லிச் சண்டை போடுகிறார்கள் என்பதும், வேலை கிடைக்காமல் பதினோராம் மணிவரை கடைத்தெருவில் நிற்கிறவர்களின் நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாசரேத்தில் தச்சு வேலை செய்தவர், பார்த்துப் பேசினார்.

நீங்களும் ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள். வீட்டு காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன் வீட்டில் அரிசி என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று தெரியாத வாலிபன், தேவன் போஷிப்பார் என்று பேசும்போது தாய்மார்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும், கேட்கிறார்களா, பொறுத்துக்கொள்கிறார்களா என்று.

3. கதை உண்மைதானா என்று விசாரியுங்கள்.

நம் மேடைகளில் ஒரு கழுகு பல வருஷமாக அலகை உடைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதானதும் மலையுச்சிக்குப் போகுமாம், பாறையில் மோதி அலகை உடைக்குமாம், நகங்களைப் பிடுங்குமாம், மாதக்கணக்கில் காத்திருந்து புதிதாக முளைத்ததும் எழுபது வயதுவரை வாழுமாம். சங்கீதம் 103-க்கும் ஏசாயா 40-க்கும் இதைச் சேர்த்துச் சொல்வார்கள். இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. அலகு உடைந்த கழுகு பட்டினியால் செத்துப்போகும். காட்டில் வாழும் கழுகு நாற்பது வயதை எட்டுவதே அரிது.

உண்மையில் நடப்பது வேறு. கழுகுக்கு இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஒரே நேரத்தில் எல்லாம் உதிராது. சில இறகுகள் விழும், அந்த இடத்தில் புதியவை வளரும், பிறகு வேறு சில விழும். அதற்கிடையில் கழுகு பறந்துகொண்டேதான் இருக்கும், இரை தேடிக்கொண்டேதான் இருக்கும். வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்து, அதற்கிடையில் மெல்ல மெல்லப் புதிதாகிற ஒரு சாதாரண விசுவாசிக்கு எது பொருந்தும்? மலையுச்சிக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார அவளுக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

எருசலேமில் ஊசியின் காது என்று ஒரு சிறுவாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்பதும் இந்த வகைதான். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. வேதத்தில் அடுத்த வசனங்களைப் பாருங்கள். சீஷர்கள் திகைத்துப்போகிறார்கள். மனுஷரால் கூடாதது தேவனால் கூடும் என்று இயேசு பதில் சொல்கிறார். மண்டியிட்டு நுழையலாம் என்றால் திகைக்க என்ன இருக்கிறது? வழிதப்பும் ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் ஒடித்துத் தோளில் தூக்கிச் சுமப்பான் என்ற கதையை மட்டும் எந்தப் பிள்ளை முன்னாலும் சொல்லிவிடாதீர்கள். வேதத்தில் அது இல்லை. அடிப்பவர்களுக்கு அது வசதியான கதை, அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது என்பது சாட்சியாகாது. சத்தியத்தைப் பேச நிற்கிறவர் பொய்யை உதாரணம் காட்டக்கூடாது.

4. பிறர் கண்ட மரத்தை நீங்கள் கண்டதாகச் சொல்லாதீர்கள்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர் சகோதரர் லாரன்ஸ். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைப் பார்த்தார். இன்னும் சில நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது தேவனுடைய வல்லமையும் பராமரிப்பும் அவர் மனதில் பதிந்தன. பிறகு போர்வீரராக இருந்து காலில் காயப்பட்டு, பாரிஸில் கர்மேல் மடத்தில் சேர்ந்து, வருஷக்கணக்கில் சமையலறையில் வேலை செய்தார். ஜெபவேளையில் தேவனோடு இருப்பதும் பாத்திரங்களுக்கு நடுவில் தேவனோடு இருப்பதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தது.

நல்ல மனிதர், வாசியுங்கள். ஆனால் திசையன்விளையில் நின்றுகொண்டு பனி மூடிய மரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நம் தியானப் புத்தகங்கள் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு. அதனால் நம் வாலிபர் வாயில் பனிப்பொழிவும் கணப்பு அடுப்பும் வந்துவிடுகின்றன. மாசியில் இலையுதிர்த்துப் பங்குனியில் தளிர்விடும் வேப்பமரம் கோயில் வளவிலேயே நிற்கிறது. அதைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு அந்த இலை எத்தனை நாள் விழும் என்று தெரியும். நமக்கு இதில் முன்னோடிகள் இருக்கிறார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்தலகேம் குறவஞ்சி எழுதியபோது, கையில் கூடையோடு தெருவில் குறிசொல்லி வந்த குறத்தியையே எடுத்துக்கொண்டார். நோவாவின் பேழையைப் பாட, ஞானத்தச்சன் நாடகம் எழுதினார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இருந்த துணிச்சல் நமக்கும் வேண்டாமா?

5. பாடத்துக்குள் இருக்கும் ஆளை மறக்காதீர்கள்.

காய்ச்சக் காய்ச்சத்தான் பதநீர் கருப்பட்டியாகும், பாடுபட்டால்தான் இனிமை வரும் என்று ஒருவர் பேசினார். அழகான பேச்சு. ஆனால் கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் புகைக்கு நடுவே நின்று மணிக்கணக்கில் துழாவி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற பெண் அந்தச் செய்தியில் எங்கேயும் வரவில்லை. பதநீருக்கு வந்த பாட்டைச் சொன்னவருக்கு அவள் கண் எரிவது தெரியவில்லை. நம் சபைகள் பலவும் பனையேறிக் குடும்பங்களின் காணிக்கையில் எழுந்தவை. அவர்களை உதாரணமாக்கிவிட்டு, கருப்பட்டி வாங்கும்போது பேரம் பேசுகிறவர் செய்தி கொடுக்காமல் இருப்பதே மேல்.

வீட்டாரையும் இதே கணக்கில் சேருங்கள். மனைவியின் மறதி, தம்பியின் பரீட்சைத் தோல்வி, ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அழுதுகொண்டே சொன்ன விஷயம், எதுவும் மேடைக்கு வரக்கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும்.

6. பிறர் துக்கத்தில் பாடம் தேடாதீர்கள்.

பஸ்ஸைத் தவறவிட்டேன், அந்த பஸ் விபத்தில் சிக்கியது, கர்த்தர் என்னைக் காத்தார் என்று சாட்சி சொல்வார்கள். நன்றி சொல்வது சரி. அந்த பஸ்ஸில் போனவர்களின் தாய் அதே சபையில் உட்கார்ந்திருந்தால்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் திருப்பயணம் வந்தவர்களைக் கடல் கொண்டுபோனது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஜெபித்துவிட்டு வலை வீசுகிற குடும்பங்கள் போயின. அந்த வாரமே, இது தேவகோபம் என்று பேச ஆட்கள் கிளம்பினார்கள். அவர்கள் லூக்கா 13 வாசிக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துக்காட்டி, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று சொல்லிவிட்டார். பாடம் வேண்டுமென்றால், கேட்கிற நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார்.

யோபுவின் நண்பர்கள் செய்த நல்ல காரியம், ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகு சொன்னதற்குத்தான் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டார். துக்க வீட்டுக்குப் போனால் நாற்காலி எடுத்துப் போடுங்கள், காபி கொண்டுவந்து கொடுங்கள்.

7. ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று முடிவுகட்டாதீர்கள். புளித்த மாவு பரலோக ராஜ்யத்துக்கும் உவமை, பரிசேயரின் போதனைக்கும் உவமை. சிங்கம், பேதுருவின் நிருபத்தில் பிசாசு, வெளிப்படுத்தலில் கிறிஸ்து.

8. பாடம் இல்லாத நாளும் உண்டு. பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைத்தால் போதும்.

9. கண்ட பாடத்தைக் கையால் செய்யுங்கள்.

எங்கள் தாய்மார் சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்போம். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு செய்தியும் கொடுத்ததில்லை. வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அந்தக் கை முதலில் அந்தப் பானைக்குப் போகும். தினமும் மூட்டுகிற அடுப்பில் விசுவாசத்தைக் கண்டுகொள்வது இதைவிட என்ன? நீங்கள் மேடையில் சொல்லப்போகிற பாடத்தை அந்த வாரத்தில் ஒரு நாளாவது செய்து பார்த்தீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வேதபாடத்தை மட்டும் வாசித்துவிட்டு ஜெபித்து முடிக்கலாம், யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

10. பத்து நிமிஷம் போதும். கடைசியாக ஒரு வார்த்தை என்று மூன்று தடவை சொல்லாமல், முடிந்ததும் உட்காருங்கள்.