நெகிழ்வட்டுகளும் ஒத்தியைபுச் சிக்கலும்

1978-ல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறிய பின்னர், உள்நாட்டுக் கணிப்பொறித் தொழில் வேரூன்றிய நகரங்களுள் பெங்களூர் முக்கியமானது. விப்ரோ, பி.எஸ்.ஐ. டேட்டா சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் அங்கு இயங்கின. இன்டெல் 8086 நுண்செயலியைக் கொண்ட விப்ரோவின் கணிப்பொறி 1981-ல் வெளிவந்தது. 1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த புதிய கணிப்பொறிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியபின், அலுவலகங்களில் பலவகைப் பொறிகள் அருகருகே அமர்ந்தன. அவற்றினிடையே தகவலைக் கொண்டு செல்லும் வாகனம் பெரும்பாலும் நெகிழ்வட்டே.

வட்டு பொறிக்குள் நுழைந்துவிட்டாலே அது படிக்கப்பட்டுவிடும் என்பதில்லை. சி.பி.எம். இயக்க அமைப்பைப் பயன்படுத்திய பொறிகளுக்கு எட்டு அங்குல வட்டில் ஒரு பொது அமைப்பு இருந்தது; ஐந்தேகால் அங்குல வட்டிலோ ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி தடங்களையும் பிரிவுகளையும் வகுத்தனர். ஒரே இயக்க அமைப்பு, ஒரே அளவுள்ள வட்டு. எனினும் ஒன்றில் எழுதியது மற்றொன்றில் விளங்கவில்லை.

1981-ல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி இக்குழப்பத்தைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் அக்குடும்பத்திற்குள்ளேயே வேறொரு தொல்லை முளைத்தது. 360 கிலோபைட் வட்டில் பக்கத்திற்கு 40 தடங்கள், தடத்திற்கு 9 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள். இருபக்கமும் சேர்த்து 3,68,640 பைட்டுகள். 1984-ல் வந்த 1.2 மெகாபைட் இயக்கியிலோ பக்கத்திற்கு 80 தடங்கள். ஆகவே அதன் காந்தமுனை குறுகியது. பழைய இயக்கியில் ஏற்கெனவே எழுதப்பட்ட 360 கிலோபைட் வட்டின்மீது புதிய இயக்கி எழுதும்போது, அகன்ற தடத்தின் நடுவே மெல்லிய கோடு மட்டுமே பதியும். விளிம்புகளில் பழைய பதிவு எஞ்சிநிற்கும். வட்டு பழைய பொறிக்குத் திரும்பியதும், அதன் அகன்ற முனை இரண்டையும் ஒருசேரப் படித்துப் பிழை காட்டும். எழுதிய பொறியிலோ அதே வட்டு குறையின்றிப் படிக்கப்படும்! இதனால் பழி பெரும்பாலும் வட்டின் மீதோ ஊழியர் மீதோ விழ இடமிருந்தது. முன்பு ஒருபோதும் எழுதப்படாத புதிய வட்டைப் பயன்படுத்துவதே எளிய மாற்று.

மென்பொருளின் நிலையும் இதுவே. எம்.எஸ்.டாஸ் இயங்கும் பொறிகளெல்லாம் ஐ.பி.எம். பொறிக்கு ஒத்தவையல்ல. லோட்டஸ் 1-2-3 போன்ற நிரல்கள் விரைவு கருதி, இயக்க அமைப்பைக் கேளாமல் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதின. அந்நினைவகம் வேறிடத்தில் அமைந்த பொறியில் அவை முடங்கின. ஆகவே, வாங்குமுன் விற்பனையாளரின் விளம்பரத்தை நம்புவதைவிடத் தேவையான நிரலையே அப்பொறியில் இயக்கிப் பார்ப்பது அறிவுடைமையாக இருந்தது.

இந்திய மொழிகளில் இன்னொரு படியும் உண்டு. வட்டு படிக்கப்பட்டாலும், எழுத்துக்குறியீடு வேறானால் கன்னடமோ தமிழோ வெறும் குறிகளாகவே தோன்றும். இஸ்கி எனப்படும் பொதுக் குறியீடு 1991-ல்தான் ஐ.எஸ். 13194 என்னும் இந்தியத் தரநிர்ணயமாயிற்று.

அக்காலப் பதிவேடுகள் இன்னும் வட்டில் மட்டுமே இருக்குமாயின், அவற்றை மீட்பது எளிதன்று. இன்று கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. இயக்கிகள் மூன்றரை அங்குல வட்டுகளுக்கானவை. ஐந்தேகால் அங்குல வட்டுக்குப் பழைய இயக்கியையே தேடவேண்டும். காந்தப் பூச்சு உதிர்வதற்குமுன் வட்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்து, எந்தப் பொறியில், எந்த நிரலால், எந்தக் குறியீட்டில் எழுதப்பட்டது என்பதையும் உடன் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாவிடில், நகல் கைவசமிருந்தும் நிலப்பதிவு எது, சம்பளப் பட்டியல் எது என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும்.