விளையாடும் பிள்ளைகளுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?



அஸர் தொழுகை முடிந்ததும் பந்தும் மட்டையுமாக ஓடும் பிள்ளைகள், திரும்பும் வழியில் கலர் பாட்டில் கேட்கிறார்கள். "ஓ.ஆர்.எஸ். மாதிரிதானே" என்று நாமும் காசு கொடுக்கிறோம். ஆனால் கடையில் அருகருகே இருக்கும் பானங்கள் எல்லாம் ஒன்றல்ல.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்
1965இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களுக்காக 'கேட்டரேட்' உருவானது. வெயிலில் நெடுநேரம் கடுமையாக ஆடுவோருக்கானது இது. இவ்வகைப் பானம் அரை லிட்டரில் சுமார் 30 கிராம், அதாவது ஏழு டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடும் பிள்ளைக்கு இது தேவையில்லை.

எனர்ஜி டிரிங்க்
இதில் காஃபின் உண்டு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும் என்று பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கும். தாகத்துக்கான பானமே அல்ல.

ஓ.ஆர்.எஸ்.
இது மருந்து. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியமும் உண்டு. பேதியாகும் குழந்தைக்கு இதற்குப் பதிலாக இனிப்புப் பானம் கொடுத்தால் பேதி கூடும். உடலில் நீர் மேலும் குறையும். அதனால்தான் இந்த அளவுக்கு மாறான பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போடக் கூடாது என, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அசல் பாக்கெட் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியது
• ஒரு மணி நேர விளையாட்டுக்குத் தண்ணீர் போதும். போகும் முன் குடித்து, இடையிடையே சில மிடறுகள் குடிக்கட்டும்.
• அதற்கு மேல் வெயிலில் ஆடினாலோ, மார்க்கெட்டில் மூட்டை சுமந்தாலோ உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் நல்லது. ஜிகர்தண்டா ருசிக்குத்தான், தாகத்துக்கு அல்ல.
• ஒரேயடியாக லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.
• சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அறியலாம்.
• நோன்பு நாட்களில் கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சியில் நீரும் உப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன.
• இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பு, சர்க்கரை, இளநீர் விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

வெயிலில் ஒருவர் உடல் கொதித்து, பேச்சு குழறி, தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நாளை பிள்ளை மைதானத்துக்குக் கிளம்பும்போது, கையில் காசுக்குப் பதில் வீட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து அனுப்புங்கள்.